தெரிந்த முகம் இல்லாத சாப்பாட்டுக் கடை

மொராக்கோவின் மெக்னெஸ் ஊரில் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமே கிடையாது. லஹ்தீம் சதுக்கத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், பொரித்த மத்தி மீனில் தொடங்கி ஒட்டகக் கறி வரைக்கும் மூக்கே வழி காட்டிவிடும். ஆனால் என் அண்ணன் மைமூனும் பத்தூலும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இந்த ஊரில் ஒரு இடம் கிடைக்கவில்லை. இரண்டு பேரையும் ஊரே அறியும் என்பதுதான் தொல்லை.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள். பத்தூல் எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ். மீதிப் பேர் அவள் ஊசிக்கு அழுதவர்கள்.

அண்ணி ஹனியா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதிலிருந்து அண்ணன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு கிண்ணம் பிஸாரா என்கிற மொச்சைக் கூழ், மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். மதியம் அலால் கடையில் ரொட்டியும் தக்காளியில் வெந்த வெள்ளை பீன்ஸும். சாயங்காலம் ஹரீரா சூப், கூட ஒரு அவித்த முட்டை. எல்லாம் நின்றுகொண்டேதான். ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் ரொட்டி. நான் சமைத்துக் கொண்டுபோய் வைத்தால் "நாளைக்குச் சாப்பிடுறேன்" என்பார். நாளைக்கு அதைத் தெருப்பூனை சாப்பிடும். மகள் கிஸ்லான் பக்கத்துப் பகுதியில் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாட்டுக்கு அப்பாவை அழைப்பாள். "சம்பந்தி வீட்ல எத்தன தடவ போய் உட்கார்றது" என்று என்னிடம் முனகிவிட்டு, அவளிடம் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

பத்தூலை எனக்கு ஹம்மாமில், பெண்கள் பொதுவாகக் குளிக்கும் இடத்தில், பழக்கம். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டு வளர்ந்த சினேகம். அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார், இரண்டு தம்பிகளை ஆளாக்க வேண்டியிருந்தது. அவர்கள் ஆளானதும் அம்மா படுக்கையில் விழுந்தார். அம்மாவும் போனபோது தம்பிகளுக்கு மனைவி, மக்கள் என்று வீடு நிறைந்திருந்தது. பத்தூலுக்கு மிஞ்சியது மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை.

ஒரு நாள் ஹம்மாமில் நீராவிக்கு நடுவே கேட்டேன். "எங்க அண்ணனப் பாக்குறியா?"

"எதுக்கு, லைசென்ஸ் எடுக்கவா?"

"கல்யாணத்துக்கு."

பத்தூல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "வீட்டுக்குக் கூட்டிட்டு வராத. பொண்ணு பாக்க வீட்டுக்கு வர்ற ஆம்பள எல்லாருமே நல்லவன்தான். முதுக நேரா வச்சுக்கிட்டு, பாதி பிஸ்கட்டக் கடிச்சிட்டு, அல்லாவப் புகழ்ந்துட்டுப் போயிருவான். ஏதாவது கடையில உட்கார்ந்து சாப்பிடணும். பசிக்கிறப்ப ஒரு மனுஷன் எப்படி இருக்கான்னு நான் பாக்கணும்."

"தனியாவா?"

"நீயும் வா. ஒரு ஆம்பளையோட தனியா கார்ல ஏறிட்டு, அப்புறம் எங்க தம்பி வீட்டுக்குள்ள நுழைய முடியுமா?"

அண்ணனிடம் சொன்னபோது அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த வயசுலயா" என்று மட்டும் சொன்னார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். நான் கிளம்பி வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்க மீன் சாப்பிடுவாங்களா?" சம்மதம் என்று புரிந்துகொண்டேன். "கிஸ்லானுக்கு இப்ப சொல்லிராத, யம்னா. மொதல்ல பாத்துக்குவோம்" என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அவரிடம் இருப்பது பயிற்சிக் கார் ஒன்றுதான். கூரைமேல் பள்ளியின் பெயர்ப்பலகை, ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக். பத்தூல் நீலநிற ஜெலாபா அங்கி போட்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். அண்ணன் முன்னால் தனியாக, எங்களுக்கு டிரைவர் மாதிரி.

முதலில் பழைய ஊருக்குள் மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் பூஜம்ஆ அண்ணனைப் பார்த்ததும் கரண்டியை உயர்த்தி சலாம் சொன்னார்.

"இன்னைக்கு உட்காரப் போறீங்களா, ஸி மைமூன்? உங்களுக்கு நாற்காலி போட்டுப் பழக்கமே இல்லையேப்பா." மரியாதைக்கு எங்கள் ஊரில் ஆண்களை ஸி என்றும் பெண்களை லல்லா என்றும் அழைப்போம்.

"மூணு தட்டு போடுங்க" என்றார் அண்ணன்.

பூஜம்ஆ எங்கள் மேசையைத் துடைத்தார். போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் துடைத்தார். பத்தூலின் முகம் நன்றாகத் தெரியும் கோணம் கிடைக்கும் வரை துடைத்தார். அதற்குள் பக்கத்து மேசையிலிருந்து இரண்டு இளைஞர்கள் எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பழைய மாணவர்கள். ஒருவன் பத்தூலைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். "வீட்டுக்காரம்மாவா, ஆசிரியரே?"

அண்ணனுக்கு வாயில் இருந்த ஆலிவ் தொண்டையில் சிக்கிவிட்டது. இருமி முடித்ததும் எழுந்தார். "கார் தப்பான எடத்துல நிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். மத்தி அப்போதுதான் எண்ணெயில் விழுந்தது. அந்த வாசனையை விட்டுவிட்டு நாங்களும் பின்னால் போனோம்.

"உங்க அண்ணன் பசிக்கிறப்ப ஓடுவார்போல" என்றாள் பத்தூல் என் காதில்.

அடுத்து புது நகரமான ஹம்ரியாவில் ஒரு நாகரிகமான உணவகம். மாடியில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி இடம், ஜன்னலுக்குத் திரை, மேசைக்குத் துணி. இங்கே தனக்குத் தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள் என்றார் அண்ணன். அது உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு வருகிற இடம் என்றால் குழந்தைகளோடும் வருவார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

சாலட் வந்து வைத்ததும் ஒரு பெண் கைக்குழந்தையோடு மேசைக்கு வந்தாள். "லல்லா பத்தூல், நீங்களே பாருங்க, ஊசி போட்ட எடம் கல்லு மாதிரி இருக்கு." அவள் போகுமுன் இன்னொருத்தி வந்தாள், இவள் குழந்தைக்கு இரண்டு நாளாகப் பால் இறங்கவில்லை. மூன்றாவதாக ஒருத்தி தன் முறைக்குக் காத்து நின்றாள். என் தட்டிலிருந்த சாலட்டை ஒரு பயல் பிசைந்துகொண்டிருந்தான்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பத்தூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீறிடும் குழந்தையின் தொடையை அவள் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நீவி, அதன் முகத்தில் ஊதினாள். குழந்தை அழுகையை மறந்து இமை கொட்டியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

"யாரோட வந்திருக்கீங்க லல்லா?" என்று ஒருத்தி கண்ணை அண்ணன் பக்கம் ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"பசியோட வந்திருக்கேன்" என்றாள் பத்தூல்.

அப்போதுதான் அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். அவள் தம்பியோடு சேர்ந்து கடை நடத்தும் ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். இறங்கிக் காருக்கு வந்தால் அந்த ஆள் எதிரேயே வருகிறான்.

"ஸ்டியரிங் பக்கம் உட்காருங்க" என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில். "இந்தக் கார்ல அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தாலும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பத்தூல் உட்கார்ந்தாள். அந்த ஆள் குனிந்து பார்த்துச் சிரித்தான். "வண்டி ஓட்டப் பழகுறீங்களா, லல்லா? நல்லதுதான். ரோட்டுல நாங்க ஜாக்கிரதையா இருந்துக்குறோம்." அவன் நகரவே இல்லை, அவள் எப்படிக் கிளப்புகிறாள் என்று பார்க்க நின்றான். வேறு வழியில்லை. அண்ணன் சொல்லச் சொல்ல அவள் சாவியைத் திருப்பினாள். கார் இரண்டு முறை முக்கித் தும்மி, மூன்றாவதில் நகர்ந்தது.

நீர்த்தேக்கத்துக்குப் போகும் சாலையில், நீண்ட பழைய மதில் ஓரமாக ஞாயிறு மதியம் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே அவளை ஓட்டவிட்டார். சற்றுப் போனதும் அவரையறியாமல் தொழில் குரல் வந்துவிட்டது. "கண்ணாடியப் பாக்க மாட்டீங்களா? கண்ணு எதுக்கு இருக்கு? மதில்ல ஏறப் போறீங்களா?" கத்திவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"யம்னா, இப்பதான் நெஜமான ஆள் வெளிய வர்றார்" என்றாள் பத்தூல், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். அண்ணன் சிரித்தார். நான் பசியில் சிரிக்கத் தெம்பில்லாமல் இருந்தேன்.

நகரத்துக்குள் இனி வேண்டாம் என்று முடிவானது. அண்ணன் ஓட்டுநர் இடத்துக்கு மாறி, ஹாஜெப் போகும் சாலையில் பூஃபக்ரான் என்ற ஊருக்கு விட்டார். சாலையோரம் வரிசையாகக் கறிக்கடைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கரியடுப்பு. தொங்கும் ஆட்டில் நமக்குப் பிடித்த இடத்தைக் காட்டி வாங்கி, பக்கத்தில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். லாரிக்காரர்களும் வழிப்போக்கர்களும் சாப்பிடும் இடம். புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது என்றார் அண்ணன்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று பத்தூலிடம் கேட்டார்.

அவள் தொங்கும் கறியைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். "இத என்கிட்ட யாரும் கேட்டதில்ல. அம்மாவுக்கு உப்பில்லாம, தம்பிக்குக் காரமா, பிள்ளைங்களுக்கு மசிச்சு. நான் வேலை எடத்துல டப்பாவுல கொண்டுபோனதச் சாப்பிடுவேன், அது எதுவோ அது." பிறகு விலா எலும்பைக் காட்டினாள். "இது. கொழுப்போட."

அண்ணன் அந்த விலாவையும் கொத்துக்கறியையும் வாங்கிச் சுடக் கொடுத்துவிட்டு வந்தார். டீ வந்தது. ஒரு தட்டில் ஆலிவும் சூடான ரொட்டியும் வந்தன. அவர் ரொட்டியைப் பிய்த்தார். மொறுமொறுப்பான பகுதியை முதலில் பத்தூல் முன்னால் வைத்தார், பிறகு எனக்கு, கடைசியில் தனக்கு. அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன் எப்பவும் நின்னுக்கிட்டே சாப்பிடுறீங்க?" என்று பத்தூல் கேட்டாள். "யம்னா சொன்னா."

அண்ணன் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "ஹனியாவுக்குக் கடைசில சமையல் வாசனையே ஆகல. வெங்காயம் வதக்குனாலே குமட்டும். அதனால வீட்ல அடுப்பு மூட்டுறத நிறுத்திட்டேன். வெளிய ஓடி வந்து ரெண்டு வாய் போட்டுட்டு, ஓடிருவேன். நான் இல்லாத நேரத்துல ஏதாவது ஆயிருமோன்னு. உட்கார்ந்தா நேரமாயிருமில்ல." கிளாஸை வைத்தார். "அவ போனப்புறம் ஓட வேண்டிய அவசியமில்ல. ஆனா காலு உட்கார மாட்டேங்குது."

இத்தனை நாளில் என்னிடம் அவர் இதைச் சொன்னதில்லை. பத்தூல் ஆலிவ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒன்று எடுத்தார். அப்புறம் அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள், எந்த உணவையும் துப்பிவிடும் அம்மா சாவதற்கு முந்தின வாரம் ஆரஞ்சுச் சுளைக்கு ஆசைப்பட்டதை. இரண்டு பேரும் நோயாளிகளைப் பற்றியேதான் பேசினார்கள், ஆனால் கேட்க வருத்தமாக இல்லை. ஒரே ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர் அந்த ஊர்த் தெருக்களைப் பற்றிப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது.

கறி இன்னும் வரவில்லை. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. புகையைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது கிஸ்லான். இடுப்பில் குழந்தை, பின்னால் கணவன் ரிதுவான், மாமனார், மாமியார்.

அவள் முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள், முகம் மலர்ந்தது. பிறகு அவர் எதிரே இருந்தவளைப் பார்த்தாள். பத்தூல் முன்னால் இருந்த ரொட்டியையும் பார்த்தாள்.

அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "வாம்மா, வாம்மா. இவங்க... லல்லா பத்தூல். உனக்குத் தெரியுமே. வண்டி பழகுறாங்க. பரீட்ச வருது. ரோட்டுல ஓட்டிப் பழகட்டும்னு கூட்டிட்டு வந்தேன். அப்படியே ஒரு டீ குடிக்கலாம்னு. யம்னாவும் சும்மா கூட வந்தா." ஒருவரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

கிஸ்லான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் மாமியார்தான் புருவத்தை உயர்த்தினார். "இந்த வயசுல வண்டியா, லல்லா?"

பத்தூல் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். புன்னகை மாறவில்லை. "ஆமா. ஆனா எனக்கு வராதுபோலத் தெரியுது. இன்னையோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்." குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். "அடுத்த ஊசிக்கு மறக்காமக் கூட்டிட்டு வாம்மா." பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஷேர் டாக்ஸி நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்தேன். பின்சீட்டில் நாலு பேராக நெருக்கி உட்கார்ந்து ஊர் திரும்பினோம். பாதி வழி தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கெட்டவர் இல்ல" என்றாள். "ரொட்டியப் பிச்சு வைக்கிறவர் கெட்டவரா இருக்க மாட்டார். ஆனா யம்னா, நான் எங்க தம்பி வீட்ல படிக்கட்டுக்குக் கீழ ஒளிஞ்சு வாழ்ந்தாச்சு. இன்னொரு வீட்லயும் போய் ஒளிய எனக்குத் தெம்பு கெடையாது."

அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நான் வைத்த ஹரீராவைத் தொடவில்லை. நான் திட்டினேன். "என் வாய்ல ஏன் அப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. ஹனியா அங்க வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

மறுநாள் கிஸ்லான் வந்தாள். குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு, முக்காட்டை அவிழ்த்துப் போட்டாள்.

"அத்த, என்னை இன்னும் சின்னப் புள்ளன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்? சட்ட இஸ்திரி, காரு பளபளன்னு இருக்கு. பரீட்சைக்குப் பழகுறவங்களுக்கு யாராவது ரொட்டிய பிச்சு வைப்பாங்களா?"

"உனக்குக் கோவம்தானே?"

"கோவம்தான். அம்மாவுக்கு வைக்கிற மாதிரியே வச்சிருந்தாரு, அந்த மொறுமொறுப்பான பக்கத்த. என்னால அதப் பாக்க முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அதவிட, என் மாமியார் முன்னாடி திருடன் மாதிரி நின்னாரே, அதுதான் பொறுக்கல. எங்கப்பா யாருகிட்டயும் அப்படி நின்னதில்ல. அந்தம்மா என்ன தப்பு பண்ணாங்க, அவங்கள அப்படிச் சொல்ல?"

"அப்ப உனக்குச் சம்மதமா?"

"அது தெரியாது. பொய் சொல்ல மாட்டேன் அத்த, எனக்கு இன்னும் மனசு ஒப்பல. ஆனா அவரு உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு. அத ரொம்ப நாளைக்கப்புறம் பாத்தேன். அப்பாகிட்டயே போய்ச் சொல்லிடுறேன்."

அவள் அப்பாவிடம் போய் என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேருமே சொல்லவில்லை. அடுத்து நடந்ததைத்தான் ஊர் சொன்னது. சுகாதார நிலையத்தில் அன்று இருந்த மூன்று பெண்கள் தனித்தனியே என்னிடம் வந்து சொன்னார்கள். மூன்று கதையும் ஒத்துப்போகிற அளவுக்கு இங்கே சொல்கிறேன்.

குழந்தையோடு வந்த தாய்மார்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவில் குழந்தை இல்லாமல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக நகர நகர, அவரும் நகர்ந்தார். முறை வந்ததும் எழுந்து ஊசி மேசை முன்னால் நின்றார்.

"குழந்தை எங்க?" என்றாள் பத்தூல், நிமிராமல்.

"நான்தான் வந்திருக்கேன். எம்மக முன்னாடி உங்களப் பத்திப் பொய் சொன்னேன். அவகிட்ட நெஜத்தச் சொல்லிட்டேன். இன்னைக்கு மத்தியானம் என்கூடச் சாப்பிட வரணும். லஹ்தீம் சதுக்கத்துல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி, முன்வரிசை மேசையில."

பெஞ்சில் சிரிப்பு பரவியது. ஒருத்தி "போங்க லல்லா, என் பையனுக்கு நாளைக்கு ஊசி போட்டுக்கலாம்" என்றாள்.

பத்தூல் சிரிக்கவில்லை. ஊசியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு மறைச்சீங்க. இன்னைக்கு ஊரக் கூட்டிக்கிட்டுக் கேக்குறீங்க. இவங்க முன்னாடி கேட்டா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்னு நெனப்பா? ரெண்டுலயும் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல நீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அதுவும் தப்புதான்" என்றார். "வெளிய கார்ல இருக்கேன். வந்தா வாங்க. வரலன்னா நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்." போய்விட்டார்.

மதியம் கடைசிக் குழந்தையும் போனபிறகு பத்தூல் கையைக் கழுவி, வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டி, சற்று நேரம் அங்கேயே நின்றாளாம். இதை அவளே எனக்குச் சொன்னாள். வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தாளாம். வீட்டில் அவளுக்கென்று மூடி வைத்த தட்டு ஒன்று இருக்கும், ஆறிப்போய். பிறகு வெளியே வந்து, காரின் முன்கதவைத் திறந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லஹ்தீம் வேணாம்" என்றாள். "நீங்க தெனமும் எங்க சாப்பிடுறீங்களோ அங்க போங்க."

"அலால் கடையா? அங்க நாற்காலியே கெடையாதே. சுமை தூக்குறவங்களும் தச்சருங்களும் நிக்கிற எடம்."

"நான் பாக்கணும்."

அலால் கடை என்பது சந்துக்குள் ஒரு பொந்து. இரண்டு பெரிய பானை, சுவரோரம் தட்டு வைக்க ஒரு பலகை, அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒரு பெண்ணோடு வருவதைப் பார்த்ததும் அலால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதிரே இருந்த சவரக்கடைக்குப் போய் இரண்டு முக்காலிகளைத் தூக்கி வந்து சந்தில் போட்டார். நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார்கள். இரண்டு பேரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீன்ஸ் சாப்பிட்டார்கள். கழுதையோட்டி ஒருவன் "ஓரம், ஓரம்" என்று வந்தபோது முழங்காலை மடக்கி வழி விட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அண்ணனுக்கு சலாம் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "இவங்க லல்லா பத்தூல்" என்று மட்டும் சொன்னார். வேறு எதையும் சேர்க்கவில்லை.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாளாம் பத்தூல் அலாலிடம்.

"இத்தன வருஷமா இவர் சொல்லவே இல்லையே" என்றார் அலால்.

"நின்னுக்கிட்டே சாப்பிட்டா ருசி எப்படித் தெரியும்?"

அவர்கள் தட்டை வழித்து முடிப்பதற்குள் செய்தி அவள் தம்பிகள் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூத்த தம்பி அன்று மாலை கொஞ்சம் குதித்தான். "எல்லாரும் என்ன நெனப்பாங்க" என்றான். "நான் பீன்ஸ் சாப்பிட்டேன்னு நெனப்பாங்க" என்றாள் பத்தூல். இளைய தம்பி சிரித்துவிட்டான். அதோடு அது முடிந்தது. அக்கா போய்விட்டால் வீட்டுக் காரியத்தை யார் பார்ப்பது என்பதுதான் அவர்கள் கவலை என்று எனக்குப் பட்டது.

ரமலானுக்கு முன்பே கல்யாணம் நடந்தது. ஆடம்பரம் இல்லை, கையெழுத்து, பேரீச்சம்பழம், பால், கொஞ்சம் உறவினர்கள். கிஸ்லான் வந்தாள். பத்தூலின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், குழந்தைக்குத் தூக்கம் வருகிறது என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள். அண்ணன் வாசல் வரை போய் அவள் கார் மறையும் வரை நின்றார். பத்தூல் அவரை உள்ளே கூப்பிடவில்லை, அவராக வரட்டும் என்று விட்டாள்.

அண்ணன் வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கியது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சமையல் கிடையாது. அது பத்தூலின் நிபந்தனை. ஒவ்வொரு வாரமும் எங்கே சாப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் நடக்கும். அவளுக்குப் புது இடம் வேண்டும், அவருக்குத் தெரிந்த இடம் வேண்டும். என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுவார்கள். எனக்கு எந்த இடமானாலும் சரி, சாப்பாடு முன்னால் வந்து, நான் அதைச் சாப்பிட்டு முடித்தால் போதும்.

கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் மூலே இத்ரீஸ் ஊருக்குப் போவது என்று முடிவாகிக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் போன் அடித்தது. கிஸ்லான்.

"இன்னைக்கு எங்க சாப்பிடப் போறீங்க?"

அண்ணன் சொன்னார்.

"ரிதுவான் வேலைக்குப் போயிட்டாரு. நானும் புள்ளையும் மட்டும்தான் இருக்கோம்." பிறகு மெல்லச் சொன்னாள்: "லல்லா கிட்ட கேளுங்க, காருல எடம் இருக்கான்னு."

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பத்தூலைப் பார்த்தார். அவள் அதற்குள் முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழந்தைக்கு இடம் வேண்டும் என்று என்னைக் கதவோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கிஸ்லான் இப்போதும் அவளை அம்மா என்று கூப்பிடுவதில்லை. லல்லா என்றுதான் கூப்பிடுகிறாள். பத்தூலுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.